பவுண்டை நான் விற்ற மத்தியானம்

எனக்கு வாய் நீளம் என்று பிறந்த வீட்டிலும் பேர், புகுந்த வீட்டிலும் பேர். அந்த வாய் ஒரே ஒருமுறை அடங்கிப்போனது. அடங்கக் கூடாத இடத்தில் அடங்கியது. இன்று நினைத்தாலும் என் வாயிலேயே ரெண்டு போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சுனாமி வந்து போன மறுவருஷம். மரக்காணத்தில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தோம். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. பரீட்சை ரிசல்ட் பார்க்க வரும் பிள்ளைகளும், வெளிநாட்டு வேலைக்கு மனுப் போட வருகிறவர்களும்தான் எங்கள் கஸ்டமர்கள். மூலையில் இருந்த கம்ப்யூட்டரை மட்டும் யாருக்கும் தர மாட்டோம். அதில் என் வீட்டுக்காரர் இன்டர்நெட் வழியாக இங்கிலாந்துப் பவுண்டும் அமெரிக்க டாலரும் வாங்கி விற்றுக்கொண்டிருப்பார். காலையில் வாங்கினால் சாயந்திரத்துக்குள் விற்றுவிட வேண்டும் என்பது கணக்கு.

பணம் என் தம்பியுடையது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். அங்கே இந்த வியாபாரத்துக்கென்றே இருக்கும் ஒரு கம்பெனியில் அவன் பேரில் கணக்கைத் திறந்து, இங்கிருந்து என் வீட்டுக்காரர் வியாபாரம் செய்தார். கொஞ்சம் பெருகினால் எடுத்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட வேண்டும், ஒரு லாரி வாங்கி உப்பு ஏற்ற வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. "இன்னொரு காண்ட்ராக்ட் தாங்க மாட்டேன்க்கா, முதுகு போச்சு" என்று ஒவ்வொரு போனிலும் சொல்வான். அவன் வந்து சேர்வானா என்பது எங்கள் மூலைக் கம்ப்யூட்டரில் இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும், ஒன்றைத் தவிர. நஷ்டத்தில் விற்கத் தெரியாது. உப்பளத்துக்காரர் வீட்டுப் பிள்ளை. மாமனாருக்குப் பாத்திகள் உண்டு. விலை இறங்கினால் அவர் உப்பை விற்க மாட்டார். குவித்து, மேலே கீற்றைப் போட்டு வைத்துவிடுவார். ஐப்பசி மழை வந்தால் பாத்தியெல்லாம் குளமாகிவிடும், புது உப்பு கிடையாது, விலை தன்னால் ஏறும். பொறுத்தவன் கெட்டதில்லை. அதைப் பார்த்தே வளர்ந்தவர் பவுண்டையும் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆனால் உப்புக் குவியலை யாரும் வந்து பிடுங்குவதில்லை. இந்த வியாபாரத்தில் போட்ட பணத்தைவிடப் பல மடங்குச் சரக்கைக் கடனாகக் கையில் கொடுப்பார்கள். நஷ்டம் நம் பணத்தைத் தின்று முடிக்கப் போகிற நேரத்தில், கம்பெனியே எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போய்விடும். அதற்காகத்தான் ஸ்டாப் லாஸ் என்று ஒன்று. இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று மெஷினுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது. அவரும் வைப்பார். விலை கிட்டே வந்ததும் அவரே அதைக் கீழே இழுத்து விடுவார். மறுபடி கிட்டே வரும், மறுபடி இழுப்பார்.

ஒருநாள் அவருக்கே வெறுத்துப்போய், "மெஷின்ல போட்டா நானே நகத்திடறன். நீ வந்து பக்கத்துல ஒக்காரு. இந்த நம்பர் வந்தா வித்துடு. நான் இன்னா சொன்னாலும் காதுல வாங்காத" என்றார்.

"அப்பறம் மூஞ்ச தூக்கி வெச்சிக்கக் கூடாது."

"சத்தியமா மாட்டேன்."

அப்படித்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். காய் நறுக்கினாலும் அங்கேயே, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு.

லண்டன்காரன் கடை திறக்கும் நேரம் நமக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். அன்று பவுண்டு சரசரவென்று இறங்கியது. அவர் மௌசின் மேல் கையை வைத்துக்கொண்டு "இரு, இரு, இதோ திரும்புது" என்றார். சொல்லி வைத்த நம்பர் வந்துவிட்டது.

"கைய எடுங்க."

"ஒரு நிமிசம்டீ."

"கைய எடுங்கன்றேன்!"

பிடித்துத் தள்ளிவிட்டு விற்றேன். போனது பெரிய பணமில்லை. உள்ளே போய்ச் சோறு போட்டேன், கருவாட்டுக் குழம்பு. அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் விலை திரும்பி, அவர் வாங்கின இடத்தையும் தாண்டி மேலே போய்விட்டது. எச்சில் கையோடு கம்ப்யூட்டர் முன்னால் நின்றார். "போச்சி பாத்தியா" என்றார்.

அப்புறம் ஒரு வாரம் என்னோடு பேச்சில்லை. டீக்கடையில் பேசினார், தம்பியிடம் போனில் பேசினார், மாமனாரிடம் பேசினார். "உப்ப எவனாவது எறங்குன வெலைக்குத் தள்ளுவானா? எங்க ஊட்டுக்காரி தள்ளிட்டா" என்று ஊரெல்லாம் சொன்னார். தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. செய்தது சரி என்று தெரியும். அப்புறம் விலை ஏறினது என் குற்றமில்லை என்றும் தெரியும். தெரிந்தே, "தப்பு என் மேலதாங்க, கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்றேன்.

உடனே சிரித்துவிட்டார். அன்று சாயந்திரம் பரோட்டாவும் மல்லிகைப்பூவும் வந்தன. ஐயோ, எனக்கு எவ்வளவு சந்தோஷம் அன்றைக்கு! வெட்கங்கெட்ட சந்தோஷம்.

"நீ போயி வேலையப் பாரு" என்றார். நானும் எழுந்துபோனேன். அந்தச் சமயத்தில்தான் தம்பி மிச்சம் வைத்திருந்த சேமிப்பையும் கணக்கில் போட்டான். "பாத்தியா, மச்சானுக்கு எம்மேல எவ்ளோ நம்பிக்க" என்று இவருக்குத் தலைகால் புரியவில்லை. இறங்கின பவுண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். சில தடவை அது ஏறவும் ஏறியது. அதுதான் வினை.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரத்துக்கு, அமெரிக்காவில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கை வெளியிடுவார்கள். அன்று நிறைய பவுண்டு வாங்கி வைத்திருந்தார். கணக்கு அமெரிக்காவுக்குச் சாதகமாக வந்தது. டாலர் ஏறியது, பவுண்டு விழுந்தது. நான் உள்ளே திரி போட்டுக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து "இரு, இரு, இரு" என்ற குரல் கேட்டது.

எழுந்துவந்து திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்ப்யூட்டரில் எல்லாம் சிவப்பு. நாங்கள் முன்பு பேசி வைத்திருந்த அளவெல்லாம் எப்போதோ தாண்டியிருந்தது. "தலைக்கு மேல வெள்ளம் போயிடுச்சி, சாண் இன்னா, மொழம் இன்னா" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விற்றுவிடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. எந்த மூஞ்சியோடு சொல்வது? விற்றது தப்பு என்று ஒப்புக்கொண்டவள் நான்தானே. திரும்பிப் போய் விளக்கை ஏற்றினேன்.

அன்று அவர் விற்கவில்லை. சனி, ஞாயிறு சந்தை கிடையாது. திங்கட்கிழமை இன்னும் கீழே திறந்தது. மத்தியானத்துக்குள் கம்பெனியே எல்லாவற்றையும் விற்றுவிட்டது. கணக்கில் ஒன்றுமில்லை. "புடுங்கிட்டானே, கேக்காமயே புடுங்கிட்டானே" என்று அவர் சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார்.

தம்பியிடம் நான்தான் போனில் சொன்னேன்.

"மாமாவ திட்டாதக்கா" என்றான். அப்புறம், "நீ பக்கத்துல இல்லியா?" என்றான்.

"இல்லடா."

"இன்னாக்கா நீ... அன்னிக்கி நீ பவுண்ட வித்துட்டேன்னு மாமா எங்கிட்ட போன்ல உன்ன அப்பிடித் திட்டினாரே, அதக் கேட்டப்பறந்தான்க்கா மீதியயும் போட்டேன். அக்கா பக்கத்துல இருக்குது, கைமீற வுடாதுன்னுதான்."

மறுமாதம் இன்னொரு காண்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டான்.