கால் சொல்லி வாங்கின வீடு

வீட்டுப் புரோக்கர் தொழில்ல ரெண்டு விஷயத்தை வாயைத் திறந்து சொல்லக் கூடாது. ஒண்ணு வீட்டோட குறை, இன்னொண்ணு வாங்க வந்தவரோட குறை. ரெண்டையும் பல்லைக் கடிச்சு அடக்கிக்கிட்டுத்தான் திருவண்ணாமலையில இத்தனை வருஷம் பொழைச்சேன். ஆனா எங்க வீட்டுல கலாவுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. மனசுல பட்டதை அப்படியே போட்டு உடைப்பா. அவளைக் கட்டிக்கிட்டு நான் புரோக்கர் வேலையும் பாத்தேன்னா, என் பொறுமையை நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

பழைய வீட்டை ஆசைப்பட்டு வாங்கிட்டு, கொத்தனார் இன்னிக்காவது வருவாரான்னு வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறவங்க இதைப் படிச்சா, உங்க வயித்தெரிச்சல் எனக்கு நல்லாத் தெரியும். இன்னும் வாங்காம ஆசையில மட்டும் இருக்கறவங்க, தயவு பண்ணி கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க.

கால் எரிச்சல் பார்ட்டி

அப்போ நானும் அமீர் பாயும் கூட்டு. கோயில் பக்கம் ஒரு டீக்கடைதான் எங்க ஆபீஸ். மாசம் பூரா ஈ ஓட்டிக்கிட்டு இருப்போம். பௌர்ணமி வந்தா போன் ஓயாது. கிரிவலம் வர்ற மெட்ராஸ்காரங்களுக்கு, வந்ததே வந்தோம், அப்படியே ஒரு வீட்டையும் பாத்துடலாம்னு ஒரு நெனப்பு. பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோட சுத்திட்டு, கொதிக்கற பாதத்தோட நொண்டிக்கிட்டு வருவாங்க. பழைய வீட்டுச் சிவப்பு சிமெண்ட் தரையில கால் வெச்சதும் உச்சந்தலை வரைக்கும் ஜில்லுனு ஏறும். அவ்வளவுதான், முடிஞ்சுது. அதுக்கப்புறம் உத்திரத்துல கரையான் ஊர்வலமே போனாலும் அவங்க கண்ணுக்குத் தெரியாது.

தாம்பரத்துல இருந்து ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் அப்படித்தான் வந்தார். சுவத்துல சாஞ்சு, காலை நீட்டி, கண்ணை மூடினார். "சார், மேல தளத்தை ஒரு தடவை பாத்துடுங்க"ன்னு நானே சொன்னேன். "அதெல்லாம் அண்ணாமலையார் பாத்துப்பார்"னு கண்ணைத் திறக்காமலே அட்வான்ஸ் பேசினார். ஐப்பசி மழை முடிஞ்சு மறுபடி அவரை டீக்கடையில பாத்தேன். திட்டப் போறார்னு நெனச்சு நான் எழுந்து நின்னேன். மனுஷன் பெருமூச்சு விட்டுட்டுச் சொன்னார்: "உன் மேல தப்பு இல்லப்பா மணி. அன்னிக்கு நான் வீடு பாக்கல, கால் நீட்ட எடம் பாத்தேன்."

என் வீட்டுக்கு நானே புரோக்கர்

நாங்க குடியிருந்தது பெரிய கோயில் பே கோபுரத்துக்குப் பின்னாடி ஒரு சந்துல. கட்டையும் செங்கல்லும் வெச்சுக் கட்டின பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. கல்யாணம் ஆன புதுசுல வாடகைக்கு வந்தோம், எங்க பொண்ணு அங்கதான் பொறந்து வளந்து, கட்டிக்குடுத்து ஓசூர் போனா. ஓனர் சேகர் சார் பெங்களூர்ல இருக்கார், தங்கமான மனுஷன். ஒரு நாள் போன் பண்ணார். "மணி, பசங்க வித்துடுங்கன்றாங்க. நீங்களே வித்துக் குடுத்துடுங்க. அந்த வீட்டைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்?"னார். குடியிருக்கற வீட்டையே காமிச்சு விக்கற புரோக்கர் ஊருல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

சரி, கலா சந்தோஷப்படுவான்னு நெனச்சேன். ஏன்னா அவலூர்பேட்டை ரோடு பக்கம் ஒரு புது நகர்ல வீடு வாங்கறதுக்குன்னு சிறுகச் சிறுகச் சேத்து வெச்சிருந்தோம். எந்த ரூமுக்கு எந்த டைல்ஸுன்னு கூட அவ பாத்து வெச்சிருந்தா. இந்த வீட்டை அவ திட்டாத மழைக்காலம் கிடையாது. விஷயத்தைச் சொன்னதும், "நல்லதாப் போச்சு, இந்த ஒழுகற சனியனை விட்டு ஒழிஞ்சாப் போதும்"னா. சொல்லிட்டு நேரா போயி பக்கெட்டை எடுத்து, காலைல தொடைச்ச தரையையே மறுபடி தொடைக்க ஆரம்பிச்சா. ஏன் கலான்னு கேட்டேன். முகத்தைத் திருப்பாமலே சொன்னா: "நாலு பேர் வந்து பாக்கற வீடு. அழுக்கா இருந்தா அசிங்கம் ஓனருக்கு இல்ல, எனக்குத்தான்."

கைடு கலா

பழைய வீட்டைக் காமிக்க ஒரு வரிசை இருக்கு. மொதல்ல கூடத்துத் தரை, அப்புறம் பின்கட்டு, அங்கிருந்து நேரா மொட்டை மாடி. மாடியில ஏறினதும் மலை பக்கத்துல வந்து நிக்கும். பார்ட்டி ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிடும். அந்த ஜோர்லயே கீழே இறக்கி, மத்த ரூமையெல்லாம் சுருக்கா முடிச்சு வாசலுக்குக் கூட்டிக்கிட்டு வந்துடணும். இதான் என் தொழில் ரகசியம், உங்களுக்கு இலவசமாச் சொல்றேன்.

மொதல்ல வந்தது காஞ்சிபுரத்து வாத்தியாரும் அவர் சம்சாரமும். மாடி வரைக்கும் எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. கீழே இறங்கினா கலா காபியோட நிக்கறா. "வாங்கம்மா, நான் காட்றேன். இந்த ரூம்ல மழை வந்தா கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துக்கணும். இந்த மூலையில அண்டா வெக்கணும், சின்ன பாத்திரம் பத்தாது. அந்தக் கட்டையில கரையான் இருக்குது, கைய வெச்சுடாதீங்க"ன்னு ஒண்ணு விடாம ஒப்பிச்சா. அந்தம்மா முகம் வெளிறிப்போய் காபியைப் பாதியிலயே வெச்சுட்டாங்க. நான் கலாவைத் தனியாக் கூப்பிட்டுக் கத்தினேன். "பொய்யா சொன்னேன்?"னு திருப்பிக் கேட்டா. கூட வந்த அமீர் பாய், ஆட்டோ ஏறி அவங்க போனதைப் பாத்துட்டு என் தோள்ல கை போட்டார்: "மணி, நீ வூட்டை விக்கிற, உங்க வூட்டம்மா அதோட ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிக்குறாங்க. இனிமே கமிஷனை மறந்துடு."

போட்டோ பார்ட்டி

அடுத்தது பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை பாக்கற ஒரு தம்பியும் அவன் பொண்டாட்டியும். ரமணாசிரமம் பக்கம் ரூம் போட்டுத் தங்கி, பழைய வீடா தேடிக்கிட்டு இருந்தாங்க. இவங்ககிட்ட கலாவோட வித்தை பலிக்கல. அவ சொல்லச் சொல்ல அவங்களுக்கு ஆசை ஜாஸ்தி ஆச்சு. உப்பு பூத்து உதிர்ற சுவத்துக்கு எதிர்ல நின்னு அந்தப் பொண்ணு போட்டோ எடுத்துக்குது. "இந்தச் சுவத்தை மட்டும் பெயின்ட் அடிச்சுடாதீங்க ஆன்ட்டி, ஒரிஜினலா இருக்கு"ன்னுது. கிரிவலம் வர்றவங்க தங்கற மாதிரி இந்த வீட்டை ரூம் ரூமா வாடகைக்கு விடப் போறாங்களாம். கலா என்னைப் பாத்தா, நான் அவளைப் பாத்தேன். விக்கறது என் வேலை, ஆனா விலை போயிடக் கூடாதுன்னு உள்ளுக்குள்ள வேண்டிக்கிட்டு இருக்கேன். அது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிஞ்சுது.

கடைசியா ஒரு போட்டோ மாடியிலன்னு ஏறினாங்க. எங்க தெருவுல குரங்கு சகஜம், நாங்க அதைச் சொல்லணும்னே நெனைக்கறதில்ல. சாம்பல் நிறத்துல ஒரு கிழட்டுக் குரங்கு, கைப்பிடிச் சுவத்துல இருந்து குதிச்சு, அந்தப் பொண்ணு கையில இருந்த செல்போனைப் பிடுங்கிக்கிட்டு எதிர் வீட்டு ஓட்டு மேல போய் உக்காந்துச்சு. நிதானமா ஒரு தடவை கடிச்சுப் பாத்துச்சு. பழத்தைக் காட்டிக் கெஞ்சி வாங்கறதுக்குள்ள போன் கண்ணாடி பொலபொலன்னு போயிடுச்சு. அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே இறங்கிப் போச்சு. தம்பி மட்டும் வாசல்ல நின்னு கலாவைக் கேட்டான்: "ஆன்ட்டி, ஒழுகறதைச் சொன்னீங்க, கரையானைச் சொன்னீங்க, இதை மட்டும் ஏன் ஆன்ட்டி சொல்லல?"

டேப் பிடிச்சவர்

மூணாவதா வந்தவர்தான் எமன். செங்கத்துக்காரர், லாட்ஜ் கட்ட எடம் தேடறவர். ரூமுக்குள்ள தலையைக் கூட நீட்டல. ஆள் வெச்சு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் டேப் பிடிச்சார். கலா பின்னாடியே போயி ஒழுகறது, உப்பு, கரையான், குரங்கு வரைக்கும் எல்லாத்தையும் சொன்னா. அவர் கோவப்படவே இல்ல. "சொல்லுங்கம்மா, இன்னும் இருந்தா சொல்லுங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டார். எதுக்குன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அதையெல்லாம் சேகர் சார்கிட்ட அப்படியே ஒப்பிச்சு, ரேட்டை அடி மட்டத்துக்கு இறக்கிட்டார். இடிக்கப் போற வீட்டுக்குக் கரையான் இருந்தா இவருக்கென்ன? காஞ்சிபுரத்து அம்மாவும் ஏற்கெனவே சாருக்குப் போன் போட்டுப் புலம்பியிருந்தாங்க. சாரும் அலுத்துப்போய் சரின்னுட்டார். பௌர்ணமிக்கு மறுநாள் அட்வான்ஸ்னு பேச்சு.

கெளம்பும்போது கலா வாசல்படியில நின்னு, "அப்போ இந்தத் தரையை என்னா பண்ணுவீங்க?"ன்னு கேட்டா. வேற எதையும் கேக்கல. அவர் டேப்பைச் சுருட்டிக்கிட்டே சொன்னார்: "தரையா? மொதல்ல பொக்லைன் அதும்மேலதாம்மா ஏறும்."

கால் ஆறறதுக்குள்ள

அந்தப் பௌர்ணமிக்கு விடியறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் கிரிவலம் கெளம்பினோம். இந்த வீட்டுல இருந்து போற கடைசி கிரிவலம்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அடி அண்ணாமலை தாண்டும்போதே வெயில் ஏறிடுச்சு. தார் ரோடு சுட்டு எடுத்துச்சு. வழி பூரா கலா ஒரு வார்த்தை பேசல. அவ வாய் மூடியிருந்தா எனக்கு பயம் வரும். வீட்டுக்கு வந்ததும் கூடத்துல பொத்துனு உக்காந்து, சுவத்துல சாஞ்சு காலை நீட்டினா. நானும் பக்கத்துல உக்காந்தேன். ஜில்லுனு ஏறிச்சு. பக்கத்துலயே தரையில சின்னதா ஒரு பள்ளம், எங்க பொண்ணு மொத மொதல்ல சமைக்கறேன்னு குக்கரைப் போட்டு பேத்த எடம். கலா அந்தப் பள்ளத்தை விரலால தடவிக்கிட்டே அழ ஆரம்பிச்சா. அவ ஒவ்வொரு பார்ட்டிகிட்டயும் குறை சொன்னது எதுக்குன்னு, மரமண்டை எனக்கு அப்பதான் உறைச்சுது.

"நாமளே வாங்கிடலாம்ங்க"ன்னா. சேத்து வெச்சதெல்லாம் போயிடும், புது வீடு போயிடும், ரிப்பேருக்குத் தனியாக் கடன் வாங்கணும். ஊருக்கெல்லாம் இவ வேணாம் வேணாம்னு சொன்ன வீட்டை நானே தலையில கட்டிக்கணும். "கலா, இது நீ பேசல, உன் கால் எரிச்சல் பேசுது. ரெண்டு நாள் பொறு"ன்னேன். "ரெண்டு நாள் பொறுத்தா கால் ஆறிடும், வீடு போயிடும்"னா. அதுக்கு மேல என்னத்தைப் பேசறது? உக்காந்த எடத்துல இருந்தே சேகர் சாருக்குப் போன் போட்டேன். செங்கத்துக்காரர் குடுக்கறதை நாங்களே குடுத்துடறோம் சார்னேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சார்: "ஏன் மணி, உங்க வீட்டம்மா ஊரெல்லாம் குறை சொல்லி ரேட்டை இறக்கினது இதுக்குத்தானா? மொதல்லயே எங்கிட்ட கேட்டிருந்தா, நானே இறக்கியிருப்பேனே!"

ஓனருக்கு ஒரு போன்

செங்கத்துக்காரர் கொஞ்ச நாள் என்னைக் கண்டபடி திட்டினார். அப்புறம் பாய் வேற தெருவுல அவருக்கு எடம் முடிச்சுக் குடுத்து ஆத்தினார். பத்திரம் முடிஞ்ச அன்னிக்கு பாய் வீட்டுக்கு வந்து, செருப்பை வாசல்ல விட்டுட்டு, கொஞ்ச நேரம் தரையில காலை நீட்டி உக்காந்துட்டுப் போனார். இப்போ அவர் வேலூர்ல பையன் வீட்டோட இருக்கார். டீக்கடையும் இல்ல, அந்த எடத்துல செல்போன் கடை. ஜனங்க செல்போன்ல படத்தைப் பாத்தே வீடு வாங்கறாங்க, படத்துல தரை ஜில்லுனு இருக்குமான்னு எனக்குத் தெரியல. அந்த டீக்கடை நாளெல்லாம் நெனச்சா மனசு கெடந்து தவிக்குது.

கடன் வாங்கி, கொத்தனாரைக் கெஞ்சி, தளத்தைக் கொத்தி, மேல புதுசா தட்டு ஓடு பதிச்சோம். இனிமே ஒரு சொட்டு இறங்காதுன்னு கொத்தனார் சத்தியம் பண்ணார். மொத மழை வந்தப்போ நான் வெளியில ஒரு கடை வாசல்ல ஒதுங்கி நின்னேன். போன் அடிச்சுது, கலா. இத்தனை வருஷமா மழை வந்தா சேகர் சாருக்குப் போன் போட்டுக் கத்துவாளே, அதே குரல், அதே ராகம்: "ஹலோ, ஓனருங்களா? ரெண்டாவது ரூம்ல ஒழுகுது, அண்டா வெச்சிருக்கேன், எப்போ வந்து பாக்கறீங்க?"

ஊரார் வீட்டுக்கெல்லாம் நல்லது கெட்டது பாத்துச் சொன்ன எனக்கு, என் வீட்டு விஷயத்துல மட்டும் புத்தி தலையில இல்லாம கால்லதான் இருந்துச்சு, ஒரு பக்கம் அண்டாவுல சொட்டுச் சொட்டா விழ, அந்தக் காலை அதே தரையில நீட்டி உக்காந்துதான் இதையும் எழுதறேன்.