ஆவுடைக்கு ஓர் இரவல் கவுன்

உயிரோடு இருக்கிற நாத்தனாரை எப்படியாவது சமாளித்துவிடலாம். தீபாவளிச் சேலை கொஞ்சம் மட்டமாகப் போனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், பொங்கலுக்குள் சரியாகிவிடுவாள். செத்துப்போன நாத்தனாரோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்று தெரிய வேண்டுமானால், சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் ஓயாத தெருவில் உட்கார்ந்து நைட்டி தைக்கிற ராஜேஸ்வரியைத்தான் கேட்க வேண்டும்.

கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வலதுகால் வைத்த அன்றே, உள்ளறை உத்தரத்தில் ஓர் ஓலைப்பெட்டி தொங்குவதைப் பார்த்தாள். கருவாட்டுப் பெட்டியோ என்று நினைத்தாளாம். அதற்குள் இருந்தது அவள் புருஷன் இசக்கித்துரையின் அக்கா ஆவுடைத்தாய். ஆவுடை பிளஸ் டூ முடித்து, காலேஜில் சேர இடமும் கிடைத்து, சேர்வதற்குள் காய்ச்சலில் போய்விட்டவள். கல்யாணமாகாமல் செத்த பெண் அந்த வீட்டுக்குக் கன்னி தெய்வம். வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியை இறக்கி, பழைய பாவாடை தாவணியை எடுத்துவிட்டு, புதுசும் கண்ணாடி வளையலும் ரிப்பனும் பவுடர் டப்பாவும் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே அவள் உடுத்திப் பார்ப்பாள் என்பது கணக்கு.

இன்னொரு விதியும் உண்டு. வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் முதல் துணி அவளுக்கு. காதுகுத்தா, சடங்கா, பால்காய்ச்சா, முதலில் பெட்டிக்குள் யாரும் உடுத்தாத ஒரு கோடித் துணி போக வேண்டும், அப்புறம்தான் மற்றவர்களுக்கு. மகள் சண்முகப்ரியாவின் காதுகுத்துக்கு ராஜேஸ்வரி அசட்டையாக இருந்துவிட்டாள். ஆசாரி கையில் ஊசி ஒடிந்தது. வேறு ஊசி எடுத்தார், அதுவும் ஒடிந்தது. பெட்டிக்குள் அவசரமாக ஒரு ரவிக்கைத் துண்டைப் போட்ட பிறகுதான் குழந்தையின் காதில் தங்கம் ஏறியது. அதன் பிறகு ராஜேஸ்வரி மறந்ததே இல்லை. இதெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் சிரிப்பாள். அப்படியானால் துணி வைக்காமல் இருந்து பாரேன் என்றால் சிரிக்கமாட்டாள்.

புருஷனுக்கு அக்கா என்பதால், பெட்டிக்குள் இருப்பவளை அவள் ‘மைனி’ என்றுதான் கூப்பிடுவாள். முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை, போட்டோவும் கிடையாது. உள்ளறையைக் கூட்டும்போது நிமிர்ந்து பார்த்து, “மைனி, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க” என்று கேலி பேசுவாள். பதில் வராது என்கிற தைரியம்தான்.

புளியங்குடி ரோட்டில், ஊரைத் தாண்டி ஒரு மேனேஜ்மெண்ட் காலேஜ் வந்தது. வியாபாரத்தை நேர்மையாகச் செய்யச் சொல்லிக்கொடுக்கிற காலேஜ் என்றார்கள். நேர்மையாகச் செய்ய எதற்கு இரண்டு வருஷப் படிப்பு என்று ஊர் சிரித்தது. அங்கே ஒரு கடை உண்டு, கடைக்காரர் கிடையாது. பேனாவோ பிஸ்கட்டோ எடுத்துக்கொண்டு காசை டப்பாவில் போட்டுவிட்டுப் போக வேண்டும். ஊர் அதற்கு ‘சத்தியக் காலேஜ்’ என்று பேர் வைத்துவிட்டது. சண்முகப்ரியா அங்கேதான் எம்.பி.ஏ. படித்தாள்.

அந்தக் காலேஜ் பட்டமளிப்பு விழாவில் ஒரு வழக்கம் இருந்தது. பட்டம் கொடுப்பதற்கு முன்னால் எல்லாரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுக்க வேண்டும். ஒருவர் மேடையில் நின்று வரிவரியாகச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அந்த ஒருவர் யார் என்பதை மார்க்கை வைத்து முடிவு செய்யமாட்டார்கள். இரண்டு வருஷத்தில் பொய் சொல்லி யாரும் பார்த்திராத ஆள் யார் என்று கூடப் படித்தவர்களே தேர்ந்தெடுப்பார்கள். இந்த வருஷம் சண்முகப்ரியாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து சொன்னபோது, பட்டமே கையில் வந்துவிட்ட மாதிரி அவள் முகம் இருந்தது. இசக்கித்துரை தறி ரிப்பேர் பார்க்கிற மனுஷர், அதிகம் பேசமாட்டார். அன்று தெருவில் இருக்கிற தறிக்கெல்லாம் போய் இதைச் சொல்லிவிட்டு வந்தார்.

விழாவுக்கு வேண்டிய கறுப்பு கவுன்களைத் தைக்கும் வேலையும் ராஜேஸ்வரிக்கே வந்தது. அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிற பெனிட்டா மேடம் துணியை இறக்கிவிட்டுப் போனார். விழா முடிந்ததும் கவுனெல்லாம் காலேஜுக்கே திரும்பிவிடும். அடுத்த வருஷப் பிள்ளைகளும் போட வேண்டும்.

ஊரறிந்த அந்த விதியை ராஜேஸ்வரி மறந்தது இங்கேதான். மறந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, அவளுக்குத் தோன்றவே இல்லை. காதுகுத்து விசேஷம், சடங்கு விசேஷம். பட்டமளிப்பு விசேஷமா என்று அந்தக் குடும்பத்தில் யாருக்குத் தெரியும்? அந்த வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லையே. போதாததற்கு, திருப்பிக் கொடுக்கப்போகிற துணியைக் கோடி என்று யார் சொல்வார்கள்?

வேலை முடிகிற சமயத்தில் ஒரு கவுன் அதிகமாக இருந்தது. சின்னத் தோள், ஒடுங்கின உடம்பு. காலேஜ் கொடுத்த அளவு எதோடும் அது ஒத்துவரவில்லை. தையலைப் பார்த்தால் தன் தையல்தான். எப்போது தைத்தோம் என்று யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. மிஞ்சின துணியில் கை பாட்டுக்குத் தைத்துவிட்டது போல என்று மடித்து வைத்தாள். மறுநாள் சண்முகப்ரியாவுக்குத் தொண்டை அடைத்தது.

சளி என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார், பேசாமல் இருக்கச் சொன்னார். விழா நெருங்க நெருங்கக் குரல் தேய்ந்து, கடைசியில் வெறும் காற்று மட்டும் வந்தது. அந்தப் பிள்ளை கண்ணாடி முன் நின்று உறுதிமொழியை வாயசைத்துப் பார்த்துவிட்டு அழுதாள். அழுகைக்கும் சத்தம் இல்லை. பெற்ற வயிறு அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்கும்? ராஜேஸ்வரி மிளகும் பனங்கற்கண்டும் காய்ச்சிக் கொடுத்தாள், கோமதியம்மன் சன்னதிப் புற்றுமண்ணைக் கழுத்தில் பூசினாள். எதற்கும் குணம் தெரியவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் கரண்ட் போனது. தெருத் தறியெல்லாம் ஒரே சமயத்தில் நின்றால், பழகின காதுக்கு அந்த அமைதி தாங்காது. அந்த அமைதியில் உள்ளறையிலிருந்து ஓலை உரசுகிற சத்தம் கேட்டது. எலியாக இருக்கும் என்று ராஜேஸ்வரி போய்ப் பார்த்தாள். காற்றே இல்லாத அறையில் பெட்டி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மூடி ஒரு பக்கம் தூக்கியிருந்தது. சந்தேகம் வந்து அவள் பெட்டியை இறக்கி, உள்ளே இருந்த தாவணிச் சட்டையை எடுத்து, அந்த மிஞ்சின கவுன் மேல் வைத்துப் பார்த்தாள். தோளுக்குத் தோள், கைக்குக் கை சரியாக இருந்தது.

புருஷனிடம் சொன்னாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றார் அவர். ஆனால் சொல்லும்போது பெட்டியைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அக்காதான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் உறுதிமொழி சொல்பவள் என்று தானாகவே சொன்னார். மைக்கே வேண்டாமாம், சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள் பள்ளிக்கூடத்தில் நிற்கிற தம்பிக்குக் கேட்குமாம். ஒவ்வொரு வரி முடிவையும் இழுத்து, மேலே தூக்கித்தான் நிறுத்துவாளாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ராஜேஸ்வரி இதை முதல்முறையாகக் கேட்டாள்.

அந்தக் கவுனை அப்படியே பெட்டிக்குள் வைத்துவிட்டிருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் துணி காலேஜுடையது. திருடக்கூடாது என்று மகள் சத்தியம் செய்யப்போகிற விழாவுக்கு அம்மா திருட்டுத் துணி எடுப்பதா? பெனிட்டா மேடத்துக்குப் போன் போட்டாள். வீட்டுச் சாமிக்கு என்று சொல்லக் கூசி, ஒரு சொந்தக்காரப் பெண்ணுக்கு என்றாள். அதற்கென்ன, விழா முடிந்ததும் மற்றதோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள் என்றார் அவர்.

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை எல்லாருக்கும் தெரியும். தெய்வத்துக்கே இரவல் கொடுத்த கதை இதுதான். ராஜேஸ்வரி கவுனைப் பெட்டிக்குள் வைத்து, “மைனி, நாளைக்கு ஒரு நாள் போட்டுக்கிடுங்க, திருப்பிக் கொடுக்கணும். எம்பிள்ள குரல விட்டுருங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

காலையில் குரல் வரவில்லை. சண்முகப்ரியாவுக்குப் பதிலாகக் கூடப் படிக்கிற அபிஷேக் சொல்வது என்று முடிவானது. அவள் தலையாட்டிவிட்டுக் கவுனை மாட்டிக்கொண்டாள். தாயும் தகப்பனும் பெற்றோர் வரிசையில் உட்கார்ந்தார்கள். பந்தலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள் நின்றன. ஆடி மாதக் காற்று ஊரையே தூக்கும். அன்றைக்கு ஒன்றுகூடச் சுற்றவில்லை.

உறுதிமொழிக்கு எல்லாரும் எழுந்தார்கள். அபிஷேக் மைக்கைப் பார்த்து நடந்தான். அவன் போய்ச் சேருவதற்குள் சண்முகப்ரியா வரிசையை விட்டு விறுவிறுவென்று மேடை ஏறினாள். மைக்கிலிருந்து ஓரடி தள்ளியே நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கிற மாதிரி.

“இல்லாததை இருப்பதாகச் சொல்லி விற்கமாட்டேன்.”

பந்தலின் கடைசி வரிசைவரைக்கும் கேட்டது. கணீரென்ற குரல். வரியின் முடிவு நீண்டு, மேலே ஏறி நின்றது. பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். ராஜேஸ்வரிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது, பிள்ளைக்குக் குரல் திரும்பிவிட்டது என்றுதான் நினைத்தாள். அப்போது இசக்கித்துரை அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“எங்க அக்கால்லா பேசுதா” என்றார்.

“அடுத்தவருக்கு உரியதை எனதென்று எடுக்கமாட்டேன்” என்றது மேடையில் நின்ற குரல். பந்தலே திருப்பிச் சொன்னது. ராஜேஸ்வரியின் வாய் மட்டும் திறக்கவில்லை. மேடையில் நின்றது அவள் மகள்தான், அவள் பெற்ற முகம்தான். ஆனால் அந்தக் கண்கள் கூட்டத்தில் தம்பியைத் தேடிப் பிடித்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

பட்டம் கொடுத்து முடித்தார்கள். கைதட்டினார்கள். வெளியே வேப்பமரத்தடியில் கூடப் படித்தவர்கள் சண்முகப்ரியாவைச் சூழ்ந்துகொண்டு, பிரமாதமாகச் சொன்னாய் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவள் ஒன்றும் புரியாமல் ஒவ்வொருவரையும் பார்த்தாள். அவர்கள் போன பிறகு அம்மாவின் காதருகே வந்தாள். வெறும் காற்றாகத்தான் வந்தது பேச்சு.

“எம்மா, எல்லாரும் ஏம்மா என்னையக் கேலி பண்ணுதாங்க? அபிஷேக் சொல்லப் போனான், அவ்வளவுதான் தெரியும். அப்புறம் எல்லாரும் உக்காந்துட்டாங்க. நான் மட்டும் உறுதிமொழி எடுக்கவே இல்லையேம்மா.”

பட்டச் சுருளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று கூடப் படித்தவர்களே தேர்ந்தெடுத்த பிள்ளை. ராஜேஸ்வரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கவுனை இரவலாகக் கொடுத்தாள், மைனியும் பிள்ளையை இரவலாக எடுத்துக்கொண்டாள். ஒரு கவுனுக்கு ஒரு மேடை. கோபம் வந்தது. அதற்குப் பின்னாலேயே, காலேஜ் வாசலை மிதிக்காமல் செத்துப்போன ஒரு பெண்ணை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. மேடையில் தம்பியைத் தேடின அந்தக் கண்களை நினைத்ததும் கோபம் கரைந்துபோனது.

அவள் பெனிட்டா மேடத்திடம் போய், அந்தக் கவுன் சொந்தக்காரப் பெண்ணுக்கு இல்லை, எங்கள் வீட்டுக் கன்னிக்கு, திரும்பி வராது, சொந்தத் துணியில் வேறொன்று தைத்துக் கொடுத்துவிடுகிறேன் என்று உள்ளதைச் சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றார். திரும்பி வேப்பமரத்தடிக்கு வந்தாள். யாருக்கென்று இல்லாமல் நிமிர்ந்து பேசினாள்.

“மைனி, அந்தக் கவுனு ஒங்களுக்கேதான். இனிமே அது இரவல் இல்ல. எம்பிள்ளைக்குள்ளத அவகிட்டக் கொடுத்துருங்க.” பிறகு மகள் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லு மக்கா. இங்கன நின்னே சொல்லு. நானும் அப்பாவும் திருப்பிச் சொல்லுதோம்.”

“குரல் இல்லையேம்மா.”

“இருக்கத வச்சிச் சொல்லு.”

சண்முகப்ரியா கவுனைச் சரிசெய்துகொண்டாள். முதல் வரி காற்றாக வந்தது. தாயும் தகப்பனும் திருப்பிச் சொன்னார்கள். இரண்டாவது வரியில் தொண்டையில் ஏதோ பிசிறு கேட்டது. கடைசி வரியில் கதவு திறந்த மாதிரி, கரகரப்பாக, உடைந்து, அவளுடைய சொந்தக் குரல் வெளியே வந்தது.

“அடுத்தவருக்கு உரியதை எனதென்று எடுக்கமாட்டேன்.”

இசக்கித்துரை திருப்பிச் சொன்னார். ராஜேஸ்வரி திருப்பிச் சொன்னாள். அவர்கள் இருவரும் முடித்த பிறகும், அவர்களுக்குப் பின்னால் யாரோ அந்த வரியின் கடைசியை இழுத்து, மேலே தூக்கி நிறுத்தினார்கள். தூரத்தில் ஒரு காற்றாலை முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது.

ராஜேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் போட்டிருந்த கவுனைத் திருப்பிக் கொடுக்கிற வரிசையில் போய் நின்றாள்.