மீன்தலை புதைத்த தேக்கு

என் கையெழுத்து கோணலானது, எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதுவதற்குப் பதில் வாயால் சொல்லலாமே என்று மனைவி கேட்கிறாள். நாலு பேர் கூடினால் எனக்கு வார்த்தை வராது. அது அவளுக்கும் தெரியும்.

கல்யாணம் முடித்த காலத்தில் எங்களுக்குச் சொந்தக் காணி இல்லை. தோப்பூருக்கு உள்ளே காட்டுப் பக்கம் வன இலாகா சேனைப் பயிருக்குத் துண்டு துண்டாக நிலம் கொடுத்தது. காட்டை வெட்டிச் சோளமும் குரக்கனும் மிளகாயும் போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக இடையிடையே வரிசை பிடித்துத் தேக்கு நட்டு வளர்த்துக் கொடுக்க வேண்டும். தேக்கு உயர்ந்து நிழல் விழுந்தால் பயிர் வராது. அப்போது வேறு துண்டு தருவார்கள். தேக்கைச் சரியாக வளர்க்காதவர்களுக்கு அடுத்த துண்டு கிடையாது.

எங்களுக்குக் கிடைத்த துண்டில் தேக்கு ஒரு வருடமாகியும் முழங்காலைத் தாண்டவில்லை. இலை மஞ்சளித்து நின்றது. பக்கத்துத் துண்டு கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் நானா ஒருவருடையது. அவருடைய நிலத்தில் முன்பு மாட்டுப்பட்டி இருந்ததாம். அவருடைய தேக்கு இடுப்பளவுக்கு வந்திருந்தது. மேற்பார்வை செய்ய வந்த வன இலாகா ஐயா இரண்டையும் பார்த்துவிட்டு, மாரி முடிய வருவேன், அப்போதும் இப்படியே நின்றால் துண்டை விட்டுவிடுங்கள் என்று சொல்லிப் போனார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கூட்டுறவுக் கடையில் உரம் இருந்தது. வயல்காரருக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பவும் கேட்க எனக்கு வெட்கம். மனைவி தன் தமையனுக்கு ஆள் அனுப்பினாள். மச்சான் சல்லி என்ற கடற்கரை ஊரில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர். அவர்கள் பக்கத்தில் தென்னங்கன்று வைக்கும்போது குழியில் மீன்தலையும் குடலும் போட்டு மூடுவது வழக்கம். கன்று ஓங்கி வரும். மச்சான் இரண்டு சாக்கு நிறைய மீன்கழிவோடு வந்து இறங்கினார். பஸ்ஸில் ஏற்றமாட்டோம் என்று சொன்னதால் மாட்டுவண்டி பிடித்து வந்திருந்தார்.

"தென்னைக்குச் சரியெண்டால் தேக்குக்கு என்ன குறை?" என்றார்.

மூன்று பேருமாக ஒவ்வொரு தேக்கின் அடியிலும் புதைத்தோம். நாற்றம் தாங்காமல் நானா வேலியருகே வந்து நின்றார்.

"தோணி எங்க மச்சான்? கரையில விட்டுட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். மச்சானுக்குக் கோபம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கடற்கரையில் காட்டுப்பன்றி இல்லை. அதை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

விடிந்து போய்ப் பார்த்தால் தோட்டம் உழுத வயல் மாதிரிக் கிடந்தது. மீன்தலையைத் தேடி வந்த பன்றிகள் ஒவ்வொரு குழியையும் தோண்டியிருந்தன. தேக்கெல்லாம் வேரோடு கிளம்பி அங்குமிங்கும் சிதறிக் கிடந்தது. மச்சான் வரம்பில் குந்தியிருந்து தலையில் கை வைத்தார். எனக்கு அடுத்த துண்டின் நினைப்பு அப்போதே போய்விட்டது. ஊருக்குத் திரும்பிப் போய் யாருடைய வயலில் கூலிக்கு நிற்பது என்றுதான் யோசித்தேன்.

மனைவி ஒரு தேக்கைத் தூக்கி வேரைத் திருப்பிப் பார்த்தாள்.

"முதல்ல இலாகா எங்களுக்குத் தந்ததும் தலை வெட்டின வேர்க்கட்டைதானே? இதையும் வெட்டி நட்டால் என்ன? அண்ணை, அழுறதெண்டால் நட்டுக்கொண்டு அழுங்கோ."

நானா சத்தம் போட்டுக்கொண்டுதான் வந்தார். பன்றிகள் அவருடைய சோளத்திலும் கொஞ்சத்தைத் தின்றுவிட்டிருந்தன. எங்களைப் பார்த்தபின் பேச்சை நிறுத்தி, போய்க் கத்தியோடு திரும்பி வந்தார். அவர் தண்டை ஒட்ட வெட்டித் தர, நாங்கள் நட்டோம். பன்றி தோண்டிய மண் பொலபொலவென்று இருந்ததால் வேலை சுகமாகப் போனது. பிறகு நானா முள்ளு வெட்டி வந்து வேலியை அடைக்கவும் நின்றார். இரண்டு நாளில் மழை பிடித்தது.

முதலில் வந்தது புல்தான். பன்றி தின்னாமல் விட்ட கழிவு மண்ணோடு கலந்து உக்கிக் கிடந்தது. அந்தச் சத்தில் புல் தேக்கை மூடிவிட்டது. உரம் போட்டவன் சும்மா இருந்தால் உரம் புல்லுக்குத்தான் போகும் என்று அன்றைக்குக் கண்டேன். மனைவியும் நானும் வரிசை வரிசையாகப் பிடுங்கினோம். புல் போன வரிசைகளில் கட்டைகள் துளிர்த்து, இலை சுளகளவுக்கு விரிந்தது. கை எட்டாமல் விட்ட மூலையில் நின்றவை அதே மஞ்சள்தான். அந்த மூலையையும் துப்புரவாக்கிய பின் அவையும் மெல்லப் பச்சை பிடித்தன.

பொங்கல் கழிந்து ஐயா வந்தார். வரிசைக்குள் நடந்தார், குனிந்தார், மண்ணைக் கையில் அள்ளி உதிர்த்துப் பார்த்தார். தேக்கு என் நெஞ்சளவு நின்றது.

"இவ்வளவு ஆழமா மண்ணைக் கொத்தினது ஆர்?" என்று என்னிடம் கேட்டார்.

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி நிலத்தைப் பார்த்தாள்.

"பன்றிதான் ஐயா," என்றார் வேலிக்கு அப்பால் நின்ற நானா.

பிறகு முழுக் கதையையும் அவரே சொன்னார். மீன் சாக்கு வந்த இடத்தில் ஐயா சிரிக்கத் தொடங்கினார். முடியும்வரை அவரால் நிறுத்த ஏலவில்லை. சிரிப்பு அடங்கிய பின், ஒரு கட்டையில் ஒரு துளிரை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடச் சொன்னார். மண் இளகி, புல் இல்லாமல் இருந்தால்தான் மரத்துக்குப் போட்ட உரம் மரத்துக்குச் சேரும் என்றும் சொன்னார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த துண்டு ஆற்றுப் பக்கம் வருது. உங்களுக்கும் ஒண்டு இருக்கு."

நான் தலையை ஆட்டினேன். மனைவிதான் "ஓம் ஐயா" என்றாள்.

அவர் போனபின் நானா வேலியில் கை ஊன்றி நின்று, "அந்தத் துண்டில மீன் ஆணம் ஆக்கித் தின்ன மட்டும்தான், கேட்டீங்களா?" என்றார். மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாகத் தலையில் தண்ணீர் ஊற்றினேன். மாரி முழுக்க நெஞ்சில் கிடந்த பாரம் அதோடு போனது. பசித்தது. குசினியில் என்ன இருக்கிறது என்று சத்தமாகக் கேட்டேன். அப்படிச் சத்தமாக நான் கேட்டதில்லை என்று அவள் இப்போதும் சொல்கிறாள்.

1979, கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை.