விடைப் பக்கங்கள் இல்லாத புத்தகம்

எனக்குக் கணக்கு வராது. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலேயே வராது. அப்படிப்பட்ட நான் எண்பதுகளின் நடுவில், கரம்பொன்னில் எங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருந்து மகளுக்கு ஓ.எல். பரீட்சைக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்றால் அதற்குக் காரணம் துணிச்சல் அல்ல, பயம். பள்ளிக்கூடம் மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. இடையிடையே திறந்த நாட்களிலும் சந்தியில் நின்ற ஆமிக்காரரின் துவக்குகளைத் தாண்டிப் பதினைந்து வயதுப் பிள்ளையை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தெற்கில் இருந்த எங்கள் கடை கலவரத்தில் எரிந்தபின் கணவர் வெளிநாட்டுக்குப் போயிருந்தார். ‘பிள்ளையின் படிப்பை விட்டுவிடாதே’ என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுவார். அங்கேயிருந்து எழுதுவது லேசு.

சொல்லிக்கொடுக்கப் புத்தகம் வேண்டுமே. கணக்குப் புத்தகம் கிடக்கிறதா என்று நான் கேட்காத வீடில்லை. ஊரைவிட்டுப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நான் படலையைத் திறப்பதைக் கண்டால் சிரிப்பார்கள். ஒரு வீட்டில் மட்டை கழன்ற தேசப்படம் தந்தார்கள், இன்னொரு வீட்டில் பாதி மடக்கை வாய்ப்பாடு. கடைசியில், பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் திறப்புக் கொத்தை வைத்திருந்த அயல் அக்கா அங்கிருந்த அலுமாரியைத் திறந்து ஒரு பயிற்சிக் கணக்குப் புத்தகத்தை எடுத்துத் தந்தா. சேலைத் தலைப்புக்குள் மறைத்துக் கொண்டுவந்து பிரித்தால், பின்பக்கம் இருக்க வேண்டிய விடைகளை யாரோ பிளேடால் வெட்டி எடுத்திருந்தார்கள். பிள்ளைகள் பார்த்து எழுதக் கூடாதென்று அந்த நாளில் வாத்திமார் செய்கிற வேலை அது. வெட்டியவர் நல்ல வாத்தியாராகத்தான் இருந்திருப்பார், ஆனால் அன்றைக்கு என் வாயில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

விடை இல்லாமல் நான் என்ன செய்வது? பிழையான கணக்கை நானே சரி என்று சொல்லிக்கொடுத்து, பிள்ளை அதைப் பரீட்சையில் எழுதிவிட்டால்? கடலில் கேட்ட வெடிச்சத்தத்துக்கு எவ்வளவு பயந்தேனோ அவ்வளவு இதற்கும் பயந்தேன்.

எழுவைதீவிலிருந்து வள்ளத்தில் மீன் கொண்டுவரும் ஒருவர் இருந்தார். ‘அண்ணை’ என்றுதான் கூப்பிடுவேன். என்னோடு படித்தவள் ஒருத்தி அங்கே கலியாணம் கட்டிப் போயிருந்தாள், அவளும் பிள்ளைகளை வீட்டில் வைத்தே படிப்பிக்கிறாள் என்று அவர்தான் சொன்னார். அவளிடமும் அதே புத்தகம், அதிலும் விடைகள் இல்லை. ஆகவே ஒரு ஒழுங்கு செய்தோம். ஏழு நாள் கிழமைக்குப் பத்துக் கணக்கு, இரண்டு வீட்டிலும் அதே பத்து. விடைகளைத் தாள் துண்டில் எழுதி அண்ணையிடம் கொடுத்தனுப்புவோம். இரண்டு துண்டும் ஒத்துவந்தால் சரி, ஒத்துவராததை இரு வீட்டாரும் திரும்பச் செய்ய வேண்டும்.

துண்டில் ஒரு சொல்லும் இருக்கக் கூடாது என்று கட்டளை போட்டது நான். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம், ‘கணக்கு’ என்றுகூட வேண்டாம், இலக்கம் மட்டும். ஒருத்தி துண்டை மற்றவள் வீட்டில் வைத்திருக்கவும் கூடாது, பார்த்துவிட்டு அடுத்த வள்ளத்தில் திருப்பி அனுப்பிவிட வேண்டும். பிடிபட்டாலும் யாருடையதென்று தெரியாது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு நாள் காலை துறையிலிருந்து வந்த ஒருவர், அண்ணையை ஆமி முகாமுக்குள் கொண்டுபோய்விட்டார்கள் என்றார். சட்டைப் பையில் முழுக்க இலக்கம் எழுதிய ஒரு துண்டாம், ஏதோ இரகசியச் செய்தியாம். எங்கள் துண்டு எழுவைதீவிலிருந்து திரும்பி வரவேண்டிய நாள் அது. ‘ஏழாவது கணக்கு, காணியின் நீளம்’ என்று தமிழில் எழுதியிருந்தால் அது பிள்ளையின் வீட்டுப்பாடம். சொல்லையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் இலக்கமாக்கி அதை இரகசியச் செய்தி ஆக்கியது என் பயம்தான்.

உண்மையைச் சொல்கிறேன், போகாமல் விட்டால் என்ன என்று நினைத்தேன். துண்டில் என் பேர் இல்லை. அடுப்பில் சோறு பொங்கி வழியும்வரை அதையே நினைத்துக்கொண்டு இருந்தேன். மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

“அம்மா, அது என்ரை கையெழுத்து. நான் போய்ச் சொல்லுறன்.”

அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நான் போனேன்.

முகாம் வாசலில் புத்தகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றேன். ஓர் அதிகாரியும் தமிழ் தெரிந்த ஒரு சிப்பாயும் இருந்தார்கள். அண்ணையைக் காணவில்லை. நான் சொன்னதையெல்லாம் சிப்பாய் மாற்றிச் சொன்னான். அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார், துண்டைப் பார்த்தார், பிறகு ஏழாவது கணக்கில் விரலை வைத்து ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். செய்துகாட்டட்டுமாம்.

ஒரு செவ்வகக் காணி. நீளம் அகலத்திலும் ஏழு மீற்றர் கூட, பரப்பு நூற்றிருபது. அகலத்தை x என்று வைத்தேன், சமன்பாட்டை எழுதினேன், காரணிப்படுத்தினேன். எட்டு வந்தது. அடியில் கோடும் போட்டுவிட்டேன். அதிகாரி துண்டைத் திருப்பிக் காட்டினார். அதில் ஏழாவதாகப் பதினைந்து என்று இருந்தது.

அண்ணையை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது, மகள் பாதியில் விடும்போதெல்லாம் நான் ஏசுகிற ஏச்சு. கேள்வியை இன்னொருக்கா வாசியடி. வாசித்தேன். கேட்டிருந்தது அகலத்தை அல்ல, நீளத்தை. எட்டும் ஏழும் பதினைந்து என்று எழுதினேன். தாளை அதிகாரியின் பக்கம் தள்ளினேன்.

அதிகாரி இன்னும் இரண்டு கணக்கைத் தானே போட்டுப் பார்த்தார் போலிருந்தது. பிறகு உள்ளே பார்த்து ஏதோ சொன்னார். புத்தகம் என் கைக்கு வந்தது, துண்டு வரவில்லை.

வெளியே வந்த அண்ணையின் ஒரு கண் வீங்கி மூடிப்போயிருந்தது. தெருவை விட்டு எங்கள் வீட்டுக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் திரும்பினோம். என் பயத்தால்தான் இது வந்தது என்று சொல்லிக் காலில் விழத்தான் நான் சொல் தேடிக்கொண்டு வந்தேன். அவர் முந்திவிட்டார்.

“தங்கச்சி, எழுவைதீவுச் சிநேகிதியின்ரை துண்டு மடியில கிடந்தது. அதையும் கண்டால் அவவையும் தேடிப் போவாங்கள் எண்டு விழுங்கிப்போட்டன். உம்மடை பிள்ளைக்கு இந்தமுறை விடை இல்லை. குறை நினையாதையும்.”

அந்த ஒழுங்கையிலேயே குந்தியிருந்து அழுதேன். ஆட்கள் பார்ப்பினம், எழும்பும் என்று அவர் சொல்லிக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு நான் அவரிடம் எதையும் கொடுத்தனுப்பவில்லை. மகள் மிச்சக் கணக்குகளை ஒத்துப்பார்க்க ஆளில்லாமலே செய்து பரீட்சை எழுதினாள், பாஸ் பண்ணினாள். அந்தக் கிழமைப் பத்துக் கணக்கும் அவளுடைய பயிற்சிக் கொப்பியில் இப்போதும் இருக்கின்றன. எத்தனை சரி, எத்தனை பிழை என்று எனக்குத் தெரியாது, ஏழாவதைத் தவிர.