ரெட்டைச் சடையும் நெட்வொர்க் கார்டும்

நான் சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வந்த முதல் வாரத்திலேயே மகள் கேட்டாள், "எம்மா, நான் முடி வளத்துக்கிடட்டுமா?" என்று. ஆறாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு ஒட்ட வெட்டிய தலை. அழகுக்காக வெட்டியது இல்லை. நான் சென்னையில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்த வருஷங்களில் வீட்டில் சடை பின்ன ஆள் கிடையாது. அவள் பள்ளிக்கூடத்தில் நீள முடி என்றால் ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டித்தான் வர வேண்டும். என் வீட்டுக்காரர் கொஞ்ச நாள் முயன்று பார்த்தார். அவர் போட்ட சடை காலைப் பிரேயர் முடிவதற்குள் அவிழ்ந்துவிடுமாம். கடைசியில் அப்பாவும் மகளும் கூடிப் பேசி வெட்டிவிட்டார்கள். எனக்குப் போட்டோ வந்தது. ஹாஸ்டல் மாடியில் கொடியில் காய்ந்த துணிகளுக்கு நடுவே நின்று அழுதேன். போனில் மட்டும் நல்லாருக்கு என்று சொன்னேன்.

அதனால் அவள் கேட்டது முடியைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும். நீ இங்கேயே இருப்பாயா, திரும்பப் போய்விடுவாயா என்று கேட்கிறாள். "பாப்போம் மக்கா" என்று சொல்லி நழுவிவிட்டேன்.

நழுவக் காரணம் இருந்தது. கம்பெனி எல்லோரையும் ஆபீசுக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. எனக்காக மேனேஜர் மேலே பேசி மூன்று மாதம் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தார். லைன் ஒழுங்காக இருந்தால் அப்படியே தொடரலாம், அடிக்கடி அறுந்தால் சென்னைக்கே வந்துவிட வேண்டும் என்பது பேச்சு. என் வேலையே கம்பெனி சர்வர்கள் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று பார்ப்பதும், பேசாவிட்டால் பேச வைப்பதும்தான். அப்படிப்பட்டவளே அடிக்கடி காணாமல் போனால் யார் சும்மா விடுவார்கள்?

வீட்டில் இருந்தது ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர். அதில் இரண்டு சிஸ்டம். வாங்கும்போதே கூட வந்தது அவருடையது. திருவேங்கடத்தில் தாலுகா ஆபீசில் அவருக்கு வேலை. அவர்கள் ஆபீசில் பழகிய தமிழ் டைப்பிங் அதில்தான் ஓடும். நான் பக்கத்தில் ஏற்றிய லினக்ஸ் என்னுடையது. மெஷினைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும், அவரவர் தங்களுடையதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். ஒரே மெஷினில் இரண்டு குடித்தனம் என்று நான் கேலி செய்வேன்.

அவரிடம் ஒரு பழக்கம். எதை அணைத்தாலும் சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைத்தால்தான் எழுந்திருப்பார். மிக்சி, டிவி, அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் அதே கதிதான். நான் வந்த புதிதில் ஒருநாள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு சுவிட்சையும் தட்டிவிட்டார். அதே போர்டில்தான் நெட் வருகிற ரவுட்டரும் இருந்தது. நான் சமையலறையில் போனில் ஆபீஸ் கூட்டத்தில் இருந்தேன், அப்படியே அறுந்துபோனது. வந்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டேன். ஸ்கிரீனிலேயே அணையுங்கள், போர்டைத் தொட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும் என்று சொல்லி சுவிட்சின் மேல் டேப் ஒட்டினேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவிர மெஷின் பக்கமே அவர் வருவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து கொஞ்ச நாளில்தான் தொல்லை ஆரம்பித்தது. காலையில் மெஷினைப் போட்டால் லினக்ஸ் நன்றாக எழும்பும், நெட் மட்டும் வராது. மகளின் டேப்லெட்டில் வை-ஃபை ஓடும், டிவி ஓடும், என் மெஷின் மட்டும் ஊமை. அதில் வை-ஃபை கிடையாது, கேபிள்தான். நெட்வொர்க் கார்டு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லும். அதில் கேபிள் சொருகியிருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சாதிக்கும். கேபிளோ என் கண்முன்னே சொருகித்தான் இருந்தது.

லினக்ஸின் நடுவே உட்கார்ந்து எல்லாவற்றையும் நடத்துவது கர்னல். கார்டு, கீபோர்டு என்று ஒவ்வொரு உறுப்பையும் வேலை வாங்கத் தெரிந்த சின்ன நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அந்த வாரம்தான் கர்னலுக்குப் புதிய அப்டேட் போட்டிருந்தேன். சந்தேகம் வேறெங்கே போகும்? பழைய கர்னலுக்குத் திரும்பிப் போனேன், வரவில்லை. டிரைவரை இறக்கி மறுபடி ஏற்றினேன், வரவில்லை. கார்டு செய்தவர்கள் தனியாகக் கொடுக்கும் டிரைவரைப் போன் நெட்டில் இறக்கிப் போட்டுப் பார்த்தேன். அது வந்து, இருந்த கொஞ்ச நஞ்சத்தையும் குழப்பிவிட்டது. கர்னல் வரி வரியாக எழுதிவைக்கும் பதிவைப் படித்துப் படித்துக் கண் பூத்துப்போனது. கார்டு கிடைத்தது, டிரைவர் ஏறியது, லிங்க் டவுன் என்று அதே மூன்று செய்திதான். அவருடைய சிஸ்டத்தைத் திறந்து அதில் நெட் வருகிறதா என்று பார்த்திருக்கலாம். லினக்ஸ்காரி என்கிற கௌரவம் விடவில்லை.

சரி, ஒழிந்து போகட்டும் என்று ஒருநாள் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, தூசி தட்டி, கார்டைத் துடைத்து மாட்டினேன். நெட் வந்தது. தூசிதான் என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். மறுநாள் காலையில் இல்லை.

நெட் லைன் கொடுத்த கேபிள் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் வந்ததும் முதலில் செய்தது போர்டில் இருக்கிற பிளக்கை எல்லாம் பிடுங்கித் தன் டெஸ்டரைச் சொருகியதுதான். பிறகு புது வயர் போட்டார். நெட் வந்தது. மறுநாள் இல்லை. நான் போனில் கத்தியதும் அவருக்கே மனசு விட்டுப்போய்விட்டது.

"என்னம்மா இப்படிச் சொல்லுதிய? நான் வந்து தொட்டா வருது, நான் போனா போயிருது. நான் என்ன ஒங்க வீட்லயேவா குடியிருக்க முடியும்?" என்றார். இதை நான் அப்போதே ஒழுங்காக யோசித்திருக்கலாம். எனக்கு வந்த கோபத்தில் யோசிக்க எங்கே நேரம்?

ஒரு சாயங்காலம் பார்த்தால் ரவுட்டரின் நெற்றியிலும் கம்ப்யூட்டரின் நெற்றியிலும் ஒரு பொட்டு மண். கோயில் புற்றுமண். யார் வைத்தது என்று கேட்டேன்.

"நாந்தான் வச்சேன். மேலுக்கு முடியலன்னா வைப்போம்லா" என்றாள் மகள். மண் உள்ளே போனால் மெஷின் கெட்டுப்போகும் என்று திட்ட வாயெடுத்தேன். அவள் கை பின்கழுத்தில் வளர்ந்திருந்த கொஞ்சூண்டு முடியைத் தடவிக்கொண்டிருந்தது. அப்படியே உள்ளே போய்விட்டேன்.

நெட் வராத நாட்களில் போனை மெஷினில் சொருகிச் சமாளிப்பேன். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் திறந்தபடி என் முகம் நின்றுவிடும். மேனேஜர் நல்ல மனுஷி. ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, மேலே கேட்கிறார்கள், இன்னும் ஒரு தடவை நடந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று வருத்தத்தோடு சொன்னார். அன்றைக்கு மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரும்போது அவள் பேசியது எதுவுமே என் காதில் விழவில்லை.

அதற்கடுத்த நாள் காலை. முக்கியமான கூட்டம். மெஷினைப் போட்டேன், நெட் இல்லை. போனை எடுத்தால் அது சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. அதைச் சார்ஜில் போட்டுவிட்டு, ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூலையில் மணி இரண்டரை என்று இருந்தது. மத்தியானம் இரண்டரை. சுவர்க் கடிகாரத்தில் காலை ஒன்பது.

நெட் இல்லாத நாளெல்லாம் மணி தப்பாகத்தான் காட்டும், முன்பே கவனித்திருக்கிறேன். மெஷின் நெட்டில் பார்த்துத்தான் மணியைத் திருத்திக்கொள்ளும். நெட் இல்லை, அதனால் தப்பு என்று விட்டுவிடுவேன். போனைச் சொருகியதும் சரியாகிவிடும். அன்றைக்குச் சொருகப் போன் இல்லாததால் அந்த இரண்டரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். நெட் இல்லாவிட்டால் மணி கொஞ்சம் பிசகலாம். எண்ணிவைத்த மாதிரி ஐந்தரை மணி நேரமா பிசகும்?

ஐந்தரை மணி நேரம் நமக்கும் கிரீன்விச்சுக்கும் உள்ள வித்தியாசம். என் சிஸ்டம் மெஷினுக்குள் இருக்கும் கடிகாரத்தில் கிரீன்விச் மணியை வைத்துக்கொண்டு, ஐந்தரையைக் கூட்டி நமக்குக் காட்டும். அவருடைய சிஸ்டம் நம்மூர் மணியை நேராகவே எழுதிவைக்கும். நம்மூர் மணி எழுதியிருக்கிற கடிகாரத்தில் என் சிஸ்டம் இன்னொரு ஐந்தரையைக் கூட்டினால் ஒன்பது இரண்டரையாகும். அப்படியென்றால் இன்றைக்கு எனக்கு முன்னால் யாரோ அவருடைய சிஸ்டத்தைத் திறந்திருக்கிறார்கள்.

மணி தப்பானது நெட் இல்லாததால் இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒரே ஆள். தரைவழி போன் ஒன்று நெட் லைனோடு வந்திருந்தது, அதில் அவரைக் கூப்பிட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஆபீசுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.

"காலைல மெஷின்ல உக்காந்தியளா?"

"ஆமா. தெனமும்தான் உக்காருதேன். ஜமாபந்தி வருதுல்லா, கிராமக் கணக்கு பூரா சரிபாக்குத வேலை கெடக்கு. விடியக்காலம் நாலு மணிக்கே உக்காந்து, நீ எந்திரிக்கதுக்கு முன்ன முடிச்சிருவேன். ஏன், என்ன?"

"மணிய மாத்துனியளா?"

"மாத்தாம? ஓன் மெஷின்ல எப்பவும் நேத்து ராத்திரியாத்தான் இருக்கு. நேத்துத் தேதியப் போட்டு நான் எப்படி பேப்பர் எடுக்க? மாத்திட்டுத்தான் வேலையவே ஆரம்பிப்பேன்."

"எப்படி அமத்துனிய?"

"நீ சொன்ன மாதிரி ஸ்கிரீன்லதான். போர்டத் தொடவே இல்லட்டி, சத்தியமா" என்றார். குரலில் பயம் தெரிந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவருடைய சிஸ்டத்தின் டிரைவர் மெஷினை அணைக்கும்போது கார்டைத் தூங்க வைத்துவிட்டுப் போகிறது. என் டிரைவர் எவ்வளவு கூப்பிட்டாலும் அது எழுந்திருப்பதில்லை. மெஷின் அணைந்திருந்தாலும் பிளக் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கார்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், அந்தக் கரண்ட் இருக்கிறவரை தூக்கம் கலையாது. அணைத்து அணைத்துப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. அவர் சுவர் சுவிட்சை அணைத்துக்கொண்டிருந்த காலத்தில் கரண்ட் அடியோடு நின்று கார்டு தெளிந்துவிடும், அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தூசி தட்டியபோதும் அண்ணாச்சி வந்தபோதும் பிளக்கைப் பிடுங்கியதுதான் வைத்தியம். மற்றதெல்லாம் சும்மா.

மெஷினை அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மறுபடி சொருகிப் போட்டேன். ரவுட்டரில் என் கேபிள் சொருகிய இடத்தில் இருண்டு கிடந்த விளக்கு பச்சையாகச் சிமிட்டியது. லிங்க் அப் என்று கர்னல் எழுதியது. மணி தானாக ஒன்பதேகாலுக்கு வந்து நின்றது. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தில் அன்றைக்கு என் முகம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

சாயங்காலம் அவர் வந்தார். தினமும் திருட்டுத்தனமாக மெஷினில் உட்கார்ந்திருக்கிறீர்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று சண்டை போட எல்லாம் தயாராக வைத்திருந்தேன். முதலில் நடந்ததை விளக்கினேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டார்.

"நீ ஒம்பதுக்கு உக்காரணும்லா. அதுக்குள்ள முடிச்சு அமத்திட்டா மெஷினும் ஆறிக் கெடக்கும், ஒனக்கும் எடஞ்சல் இருக்காதுன்னு நெனச்சேன்" என்றார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார். "அப்போ நானே ஒன்ன மெட்ராசுக்கு பஸ் ஏத்திவிட்டிருப்பேனே" என்றார்.

தயாராக வைத்திருந்த சண்டை எங்கே போனது என்று தெரியவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கே அவருடைய சிஸ்டத்தில் கார்டின் செட்டிங்கைத் தேடிப் பிடித்து, அணைக்கும்போது அதைத் தூங்க வைக்காதே என்று மாற்றினேன். என் சிஸ்டத்திடம், இந்த வீட்டில் கடிகாரம் நம்மூர் மணியில்தான் ஓடும், நீ அனுசரித்துக்கொள் என்று சொல்லிவைத்தேன். ஜமாபந்திக்காரரோடு தேதி விஷயத்தில் மல்லுக்கட்ட முடியாது. கேபிள் அண்ணாச்சிக்கும் போன் செய்து, தப்பு உங்கள் லைனில் இல்லை என்று சொன்னேன். "அத நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்று வைத்துவிட்டார். புற்றுமண்ணை மட்டும் துடைக்கவில்லை.

அதற்குப் பிறகு லைன் ஒருநாளும் என்னைக் கைவிடவில்லை. மூன்று மாதம் முடிந்த அன்றைக்கு மேனேஜரிடமிருந்து மெயில் வந்தது. அப்படியே தொடரலாம் என்று ஒரே வரி. அதை இரண்டு மூன்று தடவை படித்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. முதல் வாரத்துக்குப் பிறகு அவள் எதுவுமே கேட்டதில்லை.

"முடி வளத்துக்க மக்கா" என்றேன்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். பிறகு பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ரெட்டைச் சடை போடுத அளவுக்கு வளர ரொம்ப நாளாகும்மா" என்றாள்.

"ஆகட்டும். நான் இங்கனதான இருக்கேன்."