வெள்ளையடிக்கிறோம் என்று சொன்ன வாரம்

மூட்டைப்பூச்சி என்ற சொல்லை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை கூசுகிறது. வீட்டில் எலி என்று சொல்லலாம், கரையான் என்று சொல்லலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மூட்டைப்பூச்சி என்றால் மட்டும் அந்த வீட்டுப் பொம்பளைக்குப் பாய் தலையணையை வெயிலில் போடக்கூடத் தெரியாது என்று ஆகிவிடும். தேவதானப்பட்டியிலிருந்து என் மகளுக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. சனியன், அந்த நேரம் பார்த்துத்தான் அது எங்கள் கட்டிலில் ஏறியது.

தேனியில் நாங்கள் இருப்பது லைன் வீடு. மூன்று வீடு, நடுச்சுவர்கள் பொது, எங்களுடையது நடுவீடு. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மூன்று வீட்டிலும் தும்முவோம். இதில் எதை மறைப்பது? ஆனாலும் மறைத்தேன். பூச்சி மருந்துக்காரரைப் போனில் பிடித்தேன். அவருடைய வண்டி முழுக்க ஆளுயரத்துக்குக் கரப்பான் படம். தெருவுக்குள் வர வேண்டாம் என்று மரக்கடைப் பக்கத்திலேயே நிறுத்தச் சொல்லி, புகை போடும் மெஷினைச் சாக்கில் சுற்றி எடுத்து வர வைத்தேன். மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கதவு ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, உள்ளே புகையை விட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு வீரபாண்டியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குக் கிளம்பினோம். அக்கம்பக்கத்தில் சொல்லியாச்சா என்று அவர் கேட்டதற்குச் சொல்லியாச்சு என்றேன். வெள்ளையடிக்கிறோம் என்றுதான் சொல்லியிருந்தேன்.

திரும்பி வந்து நிம்மதியாகத் தூங்கி எழுந்த பிறகுதான் ஒன்று மண்டையில் உறைத்தது. முதல் வீட்டு அம்மாவும் கொஞ்ச நாளைக்கு முன்னால் இதே மாதிரி வெள்ளையடிப்பதாகச் சொல்லிவிட்டு மகன் வீட்டுக்குப் போய் வந்தார். அதற்கப்புறம்தான் எங்களுக்குக் கடி. அவர் வீட்டுச் சுவரில் எண்ணெய்த் தலை சாய்த்த கறைகூட அழியாமல் அப்படியே இருந்தது. அடிப்பாவி, உன் வீட்டுப் பூச்சியை என் வீட்டுக்குத் துரத்திவிட்டாயே என்று தெருவில் நின்று கத்தத்தான் ஆத்திரம் வந்தது. கத்தினால் என் வண்டவாளமும் தண்டவாளத்தில் ஏறிவிடுமே. பல்லைக் கடித்துக்கொண்டேன். என் சுவரும்தான் பழைய நிறத்திலேயே இருந்தது.

அந்த வாரமே கடைசி வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. அங்கே இருப்பவள் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிற ஒரு இளம்பெண். கூட அவள் மகள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது, வீரபாண்டி ஆத்தாவுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருக்கிறேன் என்றாள். வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் நாங்கள் யாரும் போக மாட்டோம். டாக்டரிடம் காட்டுவதும் கிடையாது. பிள்ளை தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை படுக்கையை விட்டு நகரக் கூடாது.

நான் துணி காயப்போடும்போது அந்தப் பிள்ளை ஜன்னல் கம்பி வழியே கையை நீட்டி, அரிக்குது பெரியம்மா என்றது. பார்த்தேன். கொப்புளம் ஒன்றுகூட இல்லை. தடிப்புத் தடிப்பாக, வரிசை பிடித்து இருந்தது. அதே வரிசை என் முழங்கையிலும் ஆறாமல் இருந்தது. சட்டென்று முந்தானையை இழுத்து என் கையை மூடிக்கொண்டேன். பிள்ளையின் கட்டில் எங்கள் பக்கத்துச் சுவரை ஒட்டிக் கிடந்தது. அம்மை என்று நினைத்து, கடிக்கிற கட்டிலிலேயே அதைப் படுக்க வைத்திருந்தார்கள்.

வீட்டுக்குள் வந்து உலையில் அரிசியைப் போட்டேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து போகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. தூ, நானெல்லாம் ஒரு மனுஷியா? அடுப்பை அணைத்துவிட்டு நேராக அங்கே போனேன்.

வாசலில் கால் வைத்ததும் அவள் ஓடிவந்து மறித்தாள்.

"உள்ள வராதீக யக்கா, ஆத்தா வந்திருக்காக."

முந்தானையை விலக்கிக் கையை நீட்டினேன்.

"ஏத்தா, இது அம்மை இல்ல, மூட்டப்பூச்சி. எங்க வீட்டுல இருந்துதான் இங்கன வந்திருக்கு. நாங்க வெள்ளையடிக்கல, மருந்துப் புகைதான் போட்டோம்."

அவள் நம்பவில்லை. உள்ளே போய் மெத்தையைப் புரட்டினேன். ஓரத் தையலில் அப்பிக்கொண்டிருந்தன. திட்டப் போகிறாள் என்று நின்றேன். அவள் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் அங்கேயே மருந்துக்காரருக்குப் போன் போட்டு, முதல் வீட்டுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகப் பேசினேன். வண்டியை மரக்கடைப் பக்கம் நிறுத்தவா என்று கேட்டார். வாசலிலேயே நிறுத்துங்கள், மூன்று வீட்டுக்கும் சேர்த்துப் போட வேண்டும் என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அவள் அழுதுகொண்டிருந்தாள். பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போவதற்குத்தான் இந்தத் தண்டனையோ, கோயிலுக்குப் போகாமல் விட்டதற்கோ என்று சோறு இறங்காமல் கிடந்தாளாம். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப ஆத்தாவுக்கு எம் மேல கோவம் இல்லையாக்கா?"

ஆத்தா கோபித்துக்கொள்ள வேண்டிய ஆள் பக்கத்து வீட்டில் நான் இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லத்தா என்று மட்டும் சொன்னேன்.