ஸ்பூனில் காய்ந்த சிவப்பு

அவரை எல்லாரும் சர்வேயர் என்றுதான் கூப்பிடுவார்கள். நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை. எங்காவது ஒரு கார் இன்னொரு காரோடு முட்டிக்கொண்டால், இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் போய், நசுங்கிய வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, பட்ட அடியும் சொல்கிற கதையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து அறிக்கை எழுதுகிற சர்வேயர். நின்ற வண்டியில் எவனோ வந்து இடித்துவிட்டான் என்று யாராவது சத்தியம் பண்ணினால், குனிந்து பம்பரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நின்ற வண்டி இப்படி மடங்காதே என்பார். பட்டறைகளில் அவர் தலை தெரிந்தாலே பேச்சு பாதியாகிவிடும்.

வருஷக்கணக்கில் உடைந்த வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தால் மனுஷன் என்ன ஆவான்? பயந்தாங்கொள்ளி ஆவான். அவரும் ஆனார். பஸ்ஸில் உட்கார்ந்தால் முன் சீட்டின் கம்பியை இறங்குகிறவரை விடமாட்டார். வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும் போய்ச் சேர்வதற்குள் நான்கைந்து முறை போன் பண்ணிவிடுவார். "இவரைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு ஆம்புலன்ஸைக் கட்டிக்கிட்டிருக்கலாம், அதுகூட எப்பவாவதுதான் கத்தும்" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவருக்கு நிம்மதி தருகிற கார்கள் உள்ளறையில் கண்ணாடி அலமாரியில் இருந்தன. அத்தனையும் உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரியவை, அத்தனையும் அவரே செய்தவை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கென்று கடையில் ஒரு கார் கிட் வாங்கி வந்தார். குழந்தைக்குப் பல்லே முளைக்கவில்லை, அதற்குள் என்ன கிட் என்று மனைவி கேட்டதற்கு, சின்னச் சின்னத் துண்டாக இருக்கிறது, விழுங்கிவிடும், நானே ஒட்டிக் கொடுக்கிறேன் என்றார். ஒட்டினார். கொடுக்கவில்லை. அன்றைக்குப் பிடித்த பித்து இன்றுவரை இறங்கவில்லை. பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொரு துண்டாகக் கிள்ளி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயிண்ட் அடித்து, இடுக்கியால் தூக்கி ஒட்டுவார். ஒரு கார் முடிய மாதங்கள் ஆகும். இப்படிக் கார் செய்கிற மற்றவர்கள் என்ஜினில் வயர் இழுத்துப் பெருமைப்பட்டுக்கொள்வார்கள். இவர் ஒவ்வொரு சீட்டுக்கும் ரிப்பன் நறுக்கி சீட் பெல்ட் மாட்டுவார். யாரும் திறந்து பார்க்காத டிக்கிக்குள் ஸ்டெப்னி, ஜாக்கி, முதலுதவிப் பெட்டி எல்லாம் வைத்து மூடுவார். அந்தக் கார்கள் எங்கேயும் போகாது. அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது.

கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது கட்டட இன்ஜினியர். அரை நாள் தூரத்து ஊரில் வேலை கிடைத்திருந்தது. பஸ் எட்டிப் பார்க்காத இடங்களில் எல்லாம் சைட் இருந்தது. அதனால் வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டிருந்தாள். லைசென்ஸ் வாங்கி ரொம்ப நாளாகிவிட்டது. உள்ளூரில் தினமும் ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் நெடுஞ்சாலை வேறு. அந்த நெடுஞ்சாலையிலிருந்து இழுத்துவந்த வண்டிகளை எத்தனையோ முறை குனிந்து பார்த்தவர் அவர்.

"பார்க்கலாம்" என்றார்.

அந்த வீட்டில் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அதை நேரே சொல்கிற தைரியம் அவருக்கு இல்லை என்பதும் கூடவே அர்த்தம். மகளுக்கு இரண்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும், அதற்குள் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

அவர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார். அதே வண்டியைச் சின்னதாகச் செய்து மகள் கையில் கொடுப்பது. பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கும். அந்த ஈரம் காய்வதற்குள், பெரிய வண்டி இங்கேயே இருக்கட்டும்மா, பழசாகிவிட்டது, நடுவழியில் நின்றுவிடும் என்று மெதுவாகச் சொல்லிவிடலாம். இதைத்தான் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்கள். தன் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்ல ஒரு காரையே கட்ட உட்கார்ந்தார் மனுஷன்.

வீட்டு வண்டிக்குக் கிட் கிடையாது. அதே கம்பெனியில் அதற்கு அண்ணன் முறை ஆகும் கொஞ்சம் பெரிய வண்டியின் கிட்டை வாங்கி, நடுவில் அறுத்துக் குறைத்து ஒட்டினார். வாசலில் நின்ற வண்டியைப் போட்டோ எடுத்துவந்து பார்த்துப் பார்த்துச் செதுக்கினார். கடைசியில் நிறத்தில் வந்து நின்றது. வாங்கியபோது மாதுளை முத்து மாதிரி இருந்த சிவப்பு, கூரையில்லாத வாசலில் வெயிலில் நின்று நின்று வெளுத்துப் போயிருந்தது. புது வண்டிச் சிவப்பையே அடித்துவிடலாம் என்று, வழக்கமாகப் போகிற பட்டறைப் பெயிண்டரிடம் போய் ஒரு மூடி அளவு பெயிண்ட் கேட்டார்.

பெயிண்டர் ஒரு வேனின் கதவுக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தார். கையும் கவனமும் வேலையில். "நம்ம வண்டிக்குத்தானே சார், கலந்தது மிச்சம் இருக்கு" என்று சொல்லி அலமாரியைக் கைகாட்டினார். சொன்ன பிறகுதான் தன் வாயில் என்ன வந்தது என்று அவருக்கே உறைத்தது. அதற்குள் சர்வேயர் குப்பியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். பெயிண்டர் மறுபடியும் பட்டி பூசத் திரும்பிவிட்டார், கொஞ்சம் வேகமாகவே.

புதுப் பெயிண்ட் எதையும் அவர் நேரே காரில் அடிக்கமாட்டார். ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் அடித்துக் காயவைத்துப் பார்ப்பார். கார் செய்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். மறுநாள் காலை காய்ந்த ஸ்பூனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வண்டியின் கதவோரம் வைத்துப் பார்த்தார். ஸ்பூன் இருந்த இடமே தெரியவில்லை. அப்படிப் பொருந்தியது.

முதலில் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பெனி நிறம் இப்படி வெளுத்து வராதே. இது இந்த வெளுப்புக்கென்றே யாரோ பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கலந்தது. ஒரு வண்டியில் ஒரு பாகத்துக்கு மட்டும் வேலை பார்த்து, பார்த்தது தெரியக்கூடாது என்றால்தான் அப்படிக் கலப்பார்கள்.

உள்ளே போய், சின்னக் கார்களுக்கு வைத்திருந்த அளவுகோலை எடுத்துவந்து, பானெட்டுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அளந்தார். வலது பக்கம் ஒரு மாதிரி, இடது பக்கம் ஒரு மயிரிழை அதிகம். குனிந்து இடது விளக்கைப் பார்த்தார். வலது விளக்கின் கண்ணாடி மங்கியிருந்தது, இடது புதுசு. முட்டிபோட்டு உட்கார்ந்து அடியில் தடவினார். தட்டி நிமிர்த்திய தகடு விரலில் நெருடியது. ஊரில் எந்த வண்டி எங்கே அடிபட்டது என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவர், தன் வாசலில் நின்ற வண்டியைப் பார்க்கவில்லை.

எப்போது நடந்திருக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பார்க்க அவர் வெளியூர் போயிருந்த வாரம்தான். வேறு எப்போதும் அவர் கண்ணைக் கட்டிவிட்டு இதைச் செய்திருக்க முடியாது. மகள் இடித்திருக்கிறாள். மனைவிக்குத் தெரியும். பெயிண்டருக்குத் தெரியும். பட்டறை முழுக்கத் தெரிந்திருக்கும்.  இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால் விளக்கோடு நின்றிருக்காது என்று தகடு தகடாக அவருக்குத் தெரியும். வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பயத்துக்கு நடுவில் இன்னொன்றும் எட்டிப் பார்த்தது. கையில் துருப்புச் சீட்டு கிடைத்துவிட்டது. இடித்ததையே மறைத்தவளிடம் எப்படி வண்டியைக் கொடுப்பது என்று இனிமேல் கேட்கலாம். சின்னக் கார் தேவையே இல்லை. இப்படி நினைத்ததற்கு அவருக்கே கூச்சமாக இருந்தது. இருந்தாலும் விடவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் மகள் முன்னால் அந்த ஸ்பூனை வைத்தார்.  மகள் ஸ்பூனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். 

"நான்தான்ப்பா. ஆபீஸ் பார்க்கிங்ல, தூண்ல இடிச்சுட்டேன். தப்பு என்னோடதுதான்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அவள் ஸ்பூனைத் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். அவருக்குள் இருந்த சர்வேயர் விழித்துக்கொண்டார். என்ன வேகம், பிரேக்கை எப்போது மிதித்தாய், தூண் என்ன திடீரென்றா முளைத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவளும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மெதுவாகத்தான் வந்தாளாம். தூண் கண்ணுக்கு நேரே இருந்ததாம். கீழே பார்த்துவிட்டாளாம்.

"கீழ என்ன இருந்தது?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். போதும், விடுங்கள், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மனைவி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் விடவில்லை. கீழே என்ன இருந்தது என்று மறுபடியும் கேட்டார். பட்டறையில் பொய் சொல்கிறவர்களை மடக்குகிற அதே குரலில் கேட்டார்.

மனைவி தட்டைக் கீழே வைத்தாள்.

"போன் இருந்தது. விடாம அடிச்சுக்கிட்டு இருந்தது. யாருன்னு அவகிட்ட கேட்காதீங்க. உங்க போன்லயே இருக்கும், பாருங்க."

பார்க்கத் தேவையில்லை. அவருக்கு அந்தக் காலை அப்படியே ஞாபகம் வந்தது. சேறு வழிகிற வண்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, ஆபீஸ் போய்ச் சேர்ந்தாளா என்று அவளைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை.  மறுபடியும் கூப்பிட்டார், மறுபடியும், மறுபடியும். கடைசியில் எடுத்தாள். "வந்துட்டேன்ப்பா, வண்டியை நிறுத்திட்டேன், நல்லா இருக்கேன்" என்றாள். அப்பாடா என்று அவர் டீ குடிக்கப் போனார். உடைந்த விளக்குக்கு முன்னால் நின்றுகொண்டு, குரலில் ஒரு நடுக்கம் காட்டாமல், அவருக்காக அவள் அதைச் சொல்லியிருக்கிறாள்.

"சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கப்பா" என்றாள் மகள்.

 அவர் எழுந்து உள்ளறைக்குப் போய் வேலை மேஜை முன் உட்கார்ந்தார். எழுதிய அறிக்கைகளில் எல்லாம் காரணம் என்ற இடத்தில் எதையெதையோ எழுதியிருக்கிறார். மழை, தூக்கம், தேய்ந்த டயர், குறுக்கே வந்த நாய். அப்பா என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை.

சனிக்கிழமை முழுக்க வண்டியைக் குடைந்தார். டயர் காற்று, பிரேக், ஸ்டெப்னி, டிக்கிக்குள் முதலுதவிப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை காலை சாவியை மகள் கையில் வைத்தார்.  "நான் போன் பண்ண மாட்டேன். போய்ச் சேர்ந்துட்டு நீயே பண்ணு" என்றார். மகள் நம்பாமல் பார்த்தாள். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தார். போனை, கிட் வந்த அட்டைப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

அதன் பிறகு அவருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. இந்நேரம் பாலத்தைத் தாண்டியிருப்பாள். இந்நேரம் லாரிகள் வரிசைகட்டி வருகிற வளைவு. மேஜைமேல் சின்னச் சிவப்புக் கார் கண்ணாடி மட்டும் இல்லாமல் நின்றது. சும்மா இருக்க முடியாமல் முன் கண்ணாடியை எடுத்து ஒட்டினார். புத்தி எங்கேயோ இருக்க, கையில் கிடைத்த ஃபெவிக்விக்கைத் தொட்டு ஒட்டிவிட்டார். அதன் ஆவி பட்டால் தெளிவான பிளாஸ்டிக் வெளுத்துவிடும் என்று நேற்றுத் தொடங்கினவனுக்குக்கூடத் தெரியும். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி உள்ளிருந்து பனி படர்வதுபோல வெள்ளையாகிக்கொண்டே வந்தது. உள்ளே சீட்டும் ஸ்டியரிங்கும் மறைந்தன. அவருக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். எடுத்து ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் என்ன என்று தோன்றியது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பெட்டி அதிர்ந்தது.

போய்ச் சேர்கிற நேரம் இல்லை. பாதி வழிகூட ஆகியிருக்காது. மூடியைத் திறந்தார். மகளின் எண்தான். மகளின் போனிலிருந்து பேசுவது மகளாகத்தான் இருக்கும் என்று, அடிபட்டவர் போனில் வேறு யாரோ பேசிக் கேட்கிற அவருடைய தொழிலில் யாரும் நம்பமாட்டார்கள்.

"அப்பா, என்ன ஆச்சு? ஏன் ஒரு போன்கூட வரலை?" மகள்தான். குரல் பதறிக்கொண்டிருந்தது. "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? அம்மா எங்க?"

 மனைவி அறை வாசலில் வந்து நின்றாள்.

"வண்டியை ஓரமா நிறுத்திட்டுத்தானே பேசுற?" என்றார் அவர்.

"நிறுத்திட்டேன்ப்பா. நாலு பக்கம் லைட்டும் போட்டிருக்கேன். சீட் பெல்ட்கூட இன்னும் கழட்டலை. நீங்க சொல்லுங்க, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன்மா" என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல் சொல்லிவிட்டார். "வை. பார்த்துப் போ."